பெயரும் முகவரியும்

யூபிலி விழா அழைப்பினைப் பழைய மாணவர் பலருக்கும் அனுப்பினோம். அவற்றுட் சில திரும்பி வந்தன. கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தையிற் குடியேறிய அன்பரொருவருக்கு, எமது பழைய குறிப்பேட்டை நம்பி முன்னை முகவரியையே எழுதியிருந்தோம். பெயர் நிலைத்திருக்க முகவரி மாறுதல் உலகியல்பு. கணினியுலகிலும் இஃதே நிகழ்கின்றது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள், சிறப்பாக லினக்ஸ், இதனைக் கையாளும் முறையை மாணவர் பொருட்டு ஈண்டு விளக்குவாம்.

மாந்தர் பெயரால் அழைப்பர். கணினிகள் எண்முகவரியால் ஒன்றையொன்று அடையும். ஆதியில் வலையமைப்பிலிருந்த பெயர்கள் யாவும் அமெரிக்காவின் ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. கணினிகள் பெருகவே அப்பட்டியல் போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்பார், பெயர்ப் பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். அம்முறையில் 1990இல் ‘.எல்கே’ நம் நாட்டுக்குரியதாயிற்று, 2010இல் ‘.இலங்கை’ எனத் தமிழெழுத்தாலான ஈறும் வாய்த்தது. கணினி அதனை உரோம எழுத்துக்கோவையாக மாற்றியே வினவுமெனினும், நாம் தமிழிலேயே எழுதலாம்.

இனி, ‘ஈ.ரி.சி.’ என்னும் அடைவிலுள்ள மூன்று கோப்புகளை அறிதல் வேண்டும். ‘ஹோஸ்ற்ஸ்’ என்பது கணினியின் சொந்தக் குறிப்பேடு. ‘ரிசோல்வ்.கொன்ப்’ என்பது வெளியே வினவத்தக்க பெயர்ச் சேவையகங்களைக் கூறும். அவற்றுள் முதல் மூன்றே கொள்ளப்படும். ஒன்று விடை தராவிடின், வழக்கமாக 5 செக்கன் காத்திருந்து அடுத்ததை வினவும். ‘என்எஸ்சுவிச்.கொன்ப்’ என்பது எதனை முதலில் நோக்குவதென வரிசைப்படுத்தும். பெரும்பாலும் குறிப்பேடே முந்தும்.

ஒருமுறை, விண்ணப்ப முடிவு நாளன்று மாணவனொருவன் எம்மிடம் ஓடிவந்தான். “ஐயா, மற்றக் கணினிகளிற் தளம் திறக்கின்றது, இதில் மாத்திரம் திறக்கவில்லை” என்றான். நாம் சேவையக முகவரியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பின்னர் ‘டிக்’ என்னும் கட்டளையால் வினவினோம். அது குறிப்பேட்டை நோக்காது சேவையகத்தையே கேட்கும். ‘கெற்என்ற்’ என்னும் கட்டளையோ கணினியின் வரிசைப்படியே தேடும். இரண்டும் வெவ்வேறு எண்களைத் தந்தன. குற்றம் புலப்பட்டது. முன்னொருகால் நாமே குறிப்பேட்டில் எழுதி, அழிக்க மறந்த வரியே தடையாய் நின்றது! அவ்வரியின் முன்னே ‘#’ குறியிட்டதும் தளம் திறந்தது. விண்ணப்பமும் உரிய வேளையிற் சென்றது.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. இக்காலத்தில் ‘ரிசோல்வ்.கொன்ப்’ கோப்பினை வலையமைப்பை நடத்தும் மென்பொருளே பல கணினிகளில் எழுதுகின்றது. கையால் திருத்தியது மறுநாள் அழிந்துபோதல் கூடும். ஆகலின், அதனை எழுதுவது எதுவென அறிந்து அவ்விடத்திலேயே திருத்துக.

அறியாமையினும் பழைய அறிவைப் புதிதென நம்புதல் கேடு பயப்பது. இல்லம் மாறிய பழைய மாணவ அன்பர்களும் தம் புதிய முகவரியை எழுதியனுப்பி எமது குறிப்பேட்டைத் திருத்த உதவுவாராக.