நடிப்பும் அல்ல, பேயும் அல்ல

உங்கள் பேத்திக்குப் பள்ளியில் திடீரெனக் கை உதறத் தொடங்குகிறது. இரண்டு நாளில் அவள் தோழிக்கும் அதே உதறல். வீட்டில் ஒருவர் “நடிக்கிறாள்” என்பார், இன்னொருவர் “காத்து கருப்பு” என்பார். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பேத்தி உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

கேத்ரின் ஹாவ் இளையர்களுக்காக எழுதிய ‘கன்வெர்ஷன்’ என்ற ஆங்கில நாவல் (2014) இதைப் பற்றியதுதான். கதை நடப்பது அமெரிக்காவின் டான்வர்ஸ் நகரில். பல்கலைக்கழக இடத்துக்காக இரவு பகலாகப் படிக்கும் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக நோயுறுகிறார்கள். அந்த ஊரின் பழைய பெயர் சேலம் கிராமம். 1692-இல் அங்கே சில சிறுமிகளின் உடல் முறுக்கித் துடித்தது. பெரியவர்கள் அதைச் சூனியம் என்று முடிவு கட்டி, “யார் செய்தது? பெயரைச் சொல்” என்று சிறுமிகளைத் துருவினார்கள். முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தியான ஆன் புட்னம், 1706-இல் தன் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டாள். நாவலில் அவள் கதையும் இன்றைய மாணவிகளின் கதையும் மாறி மாறி வருகின்றன.

இது வெறும் கதையல்ல. 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் லெராய் ஊரில் பள்ளி மாணவிகள் பலருக்குக் கட்டுக்கடங்காத உதறல் வந்தது. மண்ணில் நச்சு இருக்குமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். சோதித்ததில் அப்படி எதுவும் தெரியவில்லை. நம் ஊரிலும் 1973-இல் தொலைக்காட்சிப் பெட்டி பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் பெண் ஊழியர்கள் அலறி மயங்கி விழுந்தார்கள். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

மனத்தில் தேங்கிய அழுத்தம் சில வேளைகளில் உடலின் அறிகுறியாக மாறுகிறது. மூளையும் நரம்பும் சேதமடைவதில்லை, ஆனால் அவற்றின் ஒத்திசைவு தடுமாறுகிறது. உதறலைப் பேத்தி வேண்டுமென்று செய்வதில்லை. நினைத்தவுடன் நிறுத்தவும் அவளால் முடியாது. அருகில் இருப்பவருக்கு வருவதைப் பார்த்து இன்னொருவருக்கும் வரலாம். கூட்டமும் கைப்பேசிப் படப்பிடிப்பும் அதைக் கூட்டிவிடும்.

அதனால் அவளை அமைதியான அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிளகாய்ப் புகை போடாதீர்கள், உலுக்காதீர்கள், யாரால் வந்தது என்று விசாரிக்காதீர்கள். கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசுவது உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் பூசுங்கள். மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். வேறு நோய் இல்லை என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாட்டி தாத்தாவாகிய நாம் ஊகிக்கக் கூடாது.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு பக்கக் கை கால் செயலிழந்தாலோ, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ உடனே 995-ஐ அழையுங்கள். மற்றபடி பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, எந்த நாளில் தொடங்கியது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் நீடித்தது, அந்த வாரம் பள்ளியில் தேர்வா சண்டையா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.