பாம்பினுள் வாழும் புழுக்கள்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. படையையே நடுங்கச் செய்யும் அப்பாம்பின் இரைப்பையிலும் குடலிலும் சுவாசப்பையிலும் அச்சமின்றிக் குடியேறி, அது தேடிய உணவைத் தாம் உண்டு வாழும் சிற்றுயிர்கள் பல உள என்பதை நம்மிற் பலர் அறியார். விலங்கியலார் இவற்றை ஒட்டுண்ணிகள் என்பர். இவற்றுக்கு இடமும் உணவும் அளிக்கும் உயிரை விருந்து வழங்கி என்பர். அழையா விருந்தினராகிய இவற்றின் வரலாற்றை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கென வினவலாம். கிண்ணியாவை ஒருமுறை நினைவிற் கொண்டுவருவோம். ஒருபால் கொட்டியாற்றுக் குடா. மறுபால் தம்பலகாமக் குடா. அண்மையில் மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம். இடையிடையே கண்டற்காடும் வயலும் குளமும். நீரும் நெல்லும் உள்ள இடத்தில் தவளையும் எலியும் பெருகும். அவை பெருகிய இடத்திற் பாம்பும் பெருகும். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் நாகமும் புடையனும் இந்நிலத்தில் நம்மோடு உடன்வாழ்வன. அவற்றினுள் வாழும் புழுக்களும், நாம் அறிந்தோ அறியாமலோ, நம் அயலாரே.

பாம்புப் புழுக்களைப் பற்றிய அறிவு வளர்வதற்குத் தென்னமெரிக்கா பெரிதும் உதவிற்று. சேர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் அக்கண்டத்திற் பயணஞ் செய்தபோது, கிலுகிலுப்பைப் பாம்பொன்றின் சுவாசப்பையில் வளையம் வளையமாகத் தோன்றும் உடலையுடைய ஓருயிரைக் கண்டார். அதனை அவர் முதலில் முட்டலைப் புழுக்களின் இனத்தைச் சார்ந்ததென்றே கருதினார். இன்று அது போரோசெபாலசு என்னும் சாதியில் வைக்கப்பட்டுள்ளது. நாக்குப்புழு என்னும் இக்கூட்டத்து உயிர்களின் வாயருகே நான்கு கொக்கிகள் உண்டு. ஆயின் இவை உண்மையிற் புழுக்களே அல்ல! விந்தின் நுண்ணமைப்பையும் பரம்பரை அலகுகளையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர், இவை மீன்பேனுக்கு உறவாய், இறால் நண்டு முதலியவற்றின் கூட்டத்தைச் சார்ந்தவை எனத் தெளிந்தனர். உருவம் மாத்திரம் கொண்டு உறவை முடிவு செய்யலாகாது என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

பிரேசில் நாட்டில் இத்துறை முறையாக வளர்ந்தது. சாவோ பாவுலோ நகரில் 1901 இல் நிறுவப்பெற்ற புட்டான்டான் நிலையத்துக்கு உழவர்கள் தாம் பிடித்த பாம்புகளை அனுப்பி, அவற்றுக்கு ஈடாகப் பாம்புக்கடிக்கு மருந்தாகும் நிணநீரைப் பெற்றனர். இரியோ டி செனீரோவிலுள்ள ஒசுவால்டோ குரூசு நிலையத்தில் லவுரோ திராவாசோசு என்பார் ஒட்டுண்ணிப் புழுக்களைத் திரட்டி ஆராய்ந்து பெரும் புகழ் பெற்றார். நம் பகுதியைப் பொறுத்தவரை, பெயிலிசு என்னும் ஆங்கில அறிஞர் இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கிய இந்திய விலங்குத் தொகுதி நூல்வரிசையில் 1936 இலும் 1939 இலும் உருளைப்புழுக்களைப் பற்றி இரு பாகங்கள் வெளியிட்டார்.

இனி, இப்புழுக்கள் பாம்பினுட் புகும் வழிகளை நோக்குவோம். அவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது, நேர்வழி. 1861 இல் மோலின் என்பார் பெயரிட்ட கலிசெபாலசு சாதியைப் பாம்புகளின் கொக்கிப்புழு எனலாம். இது தென்னமெரிக்காவிலும் தென்னாசியாவிலும் ஒருங்கே காணப்படுவது. இதன் முட்டை பாம்பின் மலத்தோடு வெளிப்பட்டு ஈரமண்ணிற் பொரிக்கும். வெளிவந்த குடம்பியைப் பாம்பு விழுங்கினால் அது குடலிற் சென்று முதிரும். இடையில் வேறு விருந்து வழங்கி கட்டாயமன்று.

இரண்டாவது, இரைவழி. ஒபிடஸ்காரிசு என்னும் பெரிய உருளைப்புழு மலைப்பாம்பு முதலியவற்றின் இரைப்பையில் வாழ்வது. அதன் முட்டையை எலி போன்ற சிறு முலையூட்டி உணவோடு உட்கொள்ளும். குடம்பி அதன் இழையங்களினுள் அமர்ந்து காத்திருக்கும். அவ்விலங்கைப் பாம்பு விழுங்கிய பின்னரே புழு முதிர்ச்சி எய்தும். ஹம்போல்ட் கண்ட நாக்குப்புழுவும் இவ்வாறே எலியினம் வழியாகப் பாம்பை அடைவது.

மூன்றாவது வழியிற் பாம்பு இறுதி வீடன்று; இடைத்தங்கல் மடமே. ஸ்பைரோமெத்திரா என்னும் நாடாப்புழு நாய், பூனை முதலியவற்றின் குடலில் முதிர்வது. அதன் முட்டை நீரிற் பொரிக்க, வெளிப்படும் குடம்பியைச் சைக்கிளொப்சு என்னும் நீர்ச்சிற்றுயிர் உண்ணும். அதனை வாற்பேத்தை உண்ணும். தவளையைப் பாம்பு உண்ணும். பாம்பினுள் அக்குடம்பி முதிராது. தசையிலும் தோலின் கீழும் வெண்ணாடா போலக் கிடந்து, நாயோ பூனையோ தன்னை உண்ணும் நாளை எதிர்நோக்கியிருக்கும். நம் வயல்களில் ஓடும் அதே சாரையினம் சீன நாட்டிலும் உண்டு. இக்குடம்பி ஆங்கு அதன் தசையிற் காணப்பட்டுள்ளது.

இச்சங்கிலியில் மனிதன் தவறிப் புகும்போதே துன்பம் நேர்கின்றது. 1882 இல் சீனத்து அமோய் நகரில் வைத்தியர் பற்றிக் மான்சன், இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது இத்தகைய நாடாக் குடம்பிகளைக் கண்டார். சைக்கிளொப்சு கலந்த நீரைக் காய்ச்சாது பருகுதல், தவளை அல்லது பாம்பின் இறைச்சியைச் செவ்வனே வேகவைக்காது உண்ணுதல், பச்சைத் தவளைத் தசையைப் புண்ணிலும் கண்ணிலும் வைத்துக் கட்டுதல் ஆகியனவே இது மனிதரைப் பற்றும் வழிகள். கண்ணிலும் மூளையிலும் புகின் கேடு பெரிது.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 64 வயதுடைய மாதொருவர் 2021 இல் வயிற்றுநோவு, இருமல், இராவியர்வை ஆகியவற்றால் வருந்தினார். அடுத்த ஆண்டில் மறதியும் மனச்சோர்வும் சேர்ந்தன. 2022 சூன் மாதத்திற் கன்பரா வைத்தியசாலையில் அவர் மூளையிற் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் ஹரிப்பிரியா பண்டி, ஏறக்குறைய 8 சதமமீற்றர் நீளமுள்ள செந்நிறப் புழுவொன்றை உயிரோடு நெளியக் கண்டு வெளியே எடுத்தார். அது அந்நாட்டுக் கம்பள மலைப்பாம்பில் வாழும் ஒபிடஸ்காரிசு ரொபேட்சி என்பதன் குடம்பி. தொற்றுநோய் வைத்தியர் சஞ்ஜய சேனநாயக்கவும் இந்நோயாளிக்கு மருத்துவம் பார்த்தவருள் ஒருவர். 2023 இல் வெளியான அறிக்கை, இப்புழு மனிதரைப் பற்றிய முதல் நிகழ்ச்சி இதுவே என உரைத்தது.

அம்மாது பாம்பைத் தொட்டவரல்லர்; உண்டவருமல்லர். தம் வீட்டருகேயுள்ள ஏரிக்கரையிற் கீரை பறித்துச் சமைத்தவர். பாம்பின் மலத்தோடு வெளிப்பட்ட முட்டைகள் அக்கீரையிலோ அதனைக் கொய்த கையிலோ ஒட்டி உட்சென்றிருக்கலாம் என்பதே வைத்தியர்களின் கருத்து. நம் பெண்கள் வயல்வரம்பிலும் குளக்கரையிலும் கீரை கொய்தல் அன்றாடக் காட்சி. நம் நாட்டுப் பாம்புக்கும் அவுஸ்திரேலியப் பாம்புக்கும் புழு ஒன்றன்று. இத்தகைய நோய் மிக அரிதுமாகும். ஆதலின் அஞ்சிக் கீரையை விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் கீரையை நன்னீரில் நன்கு அலசி, வேகவைத்து, கையையும் பாத்திரத்தையும் கழுவுதல் எவ்வளவு சிறிய செயல்! அதனால் விலகும் கேடு எவ்வளவு பெரிது!

இவற்றையெல்லாங் கேட்ட ஒருவர், பாம்புகளை அடியோடு அழித்துவிட்டாற் புழுவும் ஒழியுமன்றோ எனலாம். அது பிழை. பாம்பு குறையின் எலி மிகும். எலி மிகின் நெல் குறைவதோடு எலிக்காய்ச்சலும் பரவும். ஸ்பைரோமெத்திராவோ நாயையும் பூனையையும் பற்றி நிலைத்திருக்கும். சங்கிலியைக் குலைத்தால் வரும் தீங்கைப் புளோரிடா மாநிலம் காட்டிற்று. தென்கிழக்காசிய மலைப்பாம்புகளை வளர்ப்புக்கெனக் கொண்டுசென்றோர் அவற்றைக் காட்டில் விட, அவற்றோடு சென்ற நாக்குப்புழுவொன்று அந்நாட்டுச் சுதேசப் பாம்புகளின் சுவாசப்பையிற் குடியேறியதை ஆய்வாளர் 2018 இல் வெளியிட்டனர். தொன்றுதொட்டுப் பழகாத ஒட்டுண்ணி ஆதலின் அவற்றுக்கு அது பெருங்கேடாயிற்று.

சங்கிலியை அறுக்கத்தக்க இடம் பாம்பன்று. நம் குடிநீரும் அடுக்களையுமே. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய புழுநோயும் சைக்கிளொப்சின் வழியே மனிதரை அடைவது. இந்தியாவிற் படியிறங்கி நீரெடுக்கும் கிணறுகளைத் திருத்தியும், குடிநீரைத் துணியால் வடிகட்டுமாறு மக்களுக்குக் கற்பித்தும் அந்நோயை ஒழித்தனர். 1996 இன் பின்னர் அங்கு நோயாளி எவரும் இலர்; 2000 இல் உலக சுகாதார நிறுவனமும் அதற்குச் சான்று வழங்கியது. விலையுயர்ந்த மருந்தன்று, ஒரு முழத் துணியும் ஓயாத போதனையுமே அவ்வெற்றிக்குத் துணைநின்றன.

புழுவை ஆராய்தல் நம் திருகோணமலைக்குப் புதிதன்று. இலங்கையிற் பிறந்த வைத்தியர் கெலாட், 1850களின் பிற்பகுதியில் இத்துறைமுகத்திலிருந்து முத்துச்சிப்பியை ஆராய்ந்து, அதனுள் வாழும் புழுக்கள் முத்துத் தோன்றுதற்குக் காரணமாகலாம் எனக் கூறினார். நம் மாணவரும் அவ்வழியில் நிற்றல் வேண்டும். ஆயின் பாம்பைக் கொன்றோ பிடித்தோ ஆராய முற்படலாகாது. இறந்த பாம்பின் பல்லிலும் நஞ்சு உண்டு. குளத்துநீரில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துச் சைக்கிளொப்சைத் தேடுக. எந்தப் பாம்பு எதனை உண்கின்றது எனத் தொலைவில் நின்று குறித்து வைக்க. கண்டதை வீட்டாருக்கு எடுத்துரைக்க.

கல்லூரியிற் பெற்ற அறிவு அடுக்களையையும் கிணற்றடியையும் சென்றடையும்போதே அது கல்வி எனப்படும். பழைய மாணவராகிய நாம் இவ்விழாக் காலத்தில் இதனை நினைவுகூர்ந்து, இளையோரையும் அந்நெறியில் ஊக்குவோமாக.