முடக்குக்கு முன்பே முடிய வேண்டிய வேலை

கொழுந்து லொறிக்குச் சாரதி தேவை என்று தோட்டத்தில் பேச்சு அடிபட்டால், லைசன் வைத்திருக்கும் இளைஞர்கள் எல்லாம் ஒபிஸ் வாசலில் நிற்பார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லும்போது ஆள் யாரென்று தெரிவது நேர் ரோட்டில் அல்ல. மடுவத்துக்கு இறங்கும் வழியில், மழையில் ஊறிய முதல் முடக்கில். “ஃபோர் வீல் போட்டாச்சு, இனி என்ன பயம்?” என்று அதற்குள் வேகமாக நுழைகிறவருக்கு வேலை கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

ஃபோர் வீல் தருவது இழுவை. சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும். திருப்புவதும் நிறுத்துவதும் டயரின் பிடியைப் பொறுத்தவை. பிறேக் போடும் நேரத்தில் எல்லா வண்டிக்கும் சக்கரம் நாலுதான்.

பழைய லேண்ட் ரோவரிலும் பெரும்பாலான பிக்கப் வண்டிகளிலும் ஃபோர் வீல் விழுந்ததும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். முடக்கிலோ இரண்டும் ஓட வேண்டிய தூரம் வேறு. 109 அங்குல லேண்ட் ரோவரில் அச்சுகளுக்கு இடையில் 2.77 மீற்றர். பின் அச்சு 6 மீற்றர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றினால் அது ஓடுவது ஏறக்குறைய 19 மீற்றர். முன் அச்சு 21 மீற்றர் ஓடியாக வேண்டும். இந்த 2 மீற்றரை எங்கேயாவது கழித்தாக வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் டயர் விட்டுக்கொடுக்காது. ஸ்டியரிங் கனக்கும், பிறேக் பிடித்ததுபோல வண்டி இழுபடும், கியர்ப் பெட்டிக்குள் முறுக்கு ஏறும். அதனால் தாருக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிட வேண்டும். ஈர மண்ணில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். பெட்டிக்கு அது நல்லது. உங்களுக்கு? முடக்கின் நடுவில் பிடி பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

வண்டியைத் திருப்புவது முன் டயர். ஃபோர் வீலில் அதே டயர் இழுக்கவும் வேண்டும். அக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்கிற வேலையே பிடியைத் தின்றுவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருந்தாலும் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நேரே போகும். புதியவர் பதறி இன்னும் ஒடிப்பார், பிறேக்கையும் அழுத்துவார். இரண்டும் தப்பு. காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். டயர் மறுபடி கடிப்பது கைக்குத் தெரியும், அப்போது திருப்புங்கள்.

டூ வீலில் வெறும் லொறி ஓட்டிப் பழகியவர் ஏமாறுவதும் இங்கேதான். அது வாலை வீசும்; இருக்கும் இடத்திலேயே முதுகுக்குத் தெரியும். ஃபோர் வீலில் மூக்கு சத்தமில்லாமல் விலகும். அதிலும் வால் வீசாது என்றில்லை. வீசினால், வீசும் பக்கமே ஸ்டியரிங்கைக் கொடுங்கள். காலைச் சட்டென்று எடுக்காதீர்கள்.

சப்ரகமுவவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேர இடிமழை. வழுக்கலிலும் பல வகை உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் றப்பர் இலை நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும். மர நிழலில் கிடக்கும் கொங்கிரீட்டில் பாசி பிடிக்கும். இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்ட ரோட்டில் கல்லின் மேல் களி படியும். தார் ரோட்டில் மோசமானது மழையின் முதல் சில நிமிடங்கள். தூசியும் எண்ணெயும் சேர்ந்து குழம்பாகிவிடும்.

இறக்கத்தில், ரோட்டு நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துச் சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். முடக்குக்குள் கிளச்சைத் தொட்டால் எஞ்சினின் பிடிப்பு போய்விடும். வண்டி கையை மீறினால் மலைப்பக்கக் கானுக்குள் விடுங்கள். பம்பர் நசுங்கியதற்கு ஏச்சு விழும், விழட்டும்.

சில வண்டிகளில் முன் சக்கரத்தின் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டாவிட்டால் உள்ளே லீவர் போட்டும் பயனில்லை. சேற்றில் நின்றுகொண்டு அதைத் திருப்புவதைவிட, புறப்படும்போதே குனிந்து பார்ப்பது சுலபம். வேலை கேட்கப் போகுமுன் அனுமதிப்பத்திரத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் லொறிக்கு பி வகுப்பு போதாது, சி1 வேண்டும்.

கடைசியாகச் சுமை. பாதி நிரம்பிய றப்பர் பால் பவுசரில் பால் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் கூடவே இழுக்கும். கொழுந்துச் சாக்கு உயர உயர லொறி சாயத் தயாராக இருக்கும். அந்தச் சாக்குகளின் மேல் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கச் சொன்னால், சொல்வது துரையாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.