பாட்டியாரின் மார்கழித் திங்கள்

பண்டைத் தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம் எனப்படும். தமிழ்த் திங்கள்களுள் மிகக் குறுகியது மார்கழியே. ஆனித் திங்கள் சில ஆண்டுகளில் 32 நாள் வரை நீளும். மார்கழியோ 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். இதற்குக் காரணம் உண்டு. கதிரவனைச் சுற்றிவரும் நிலவுலகம் ஜனவரித் தொடக்கத்தில் அதற்கு மிக அணித்தாக வருகின்றது. அணித்தாக வரும்பொழுது அதன் செலவும் விரைவுறுகின்றது. ஆதலின் திங்களும் விரைந்து கழிகின்றது. பகற்பொழுதும் அக்காலத்தில் குறுகியதே. இங்ஙனம் காலம் சுருங்கிய திங்களில்தான் நம் வீடுகளில் வருவாரும் போவாரும் மிகுதி. அரையாண்டு விடுமுறை, கிறித்து பிறந்த நாள், ஆங்கிலப் புத்தாண்டு, திருவாதிரை, போகி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இத்திங்களில் முதியோர் ஒருவர் எத்துணைப் பணிகளைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொள்கின்றார் என்பதனை இளைஞர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மயிலாடுதுறையில் மூதாட்டியார் ஒருவர் வாழ்கின்றார். அகவை எழுபத்திரண்டு. கணவர் மறைந்த பின்னும் காவிரிக்கு அணித்தாக உள்ள பழைய வீட்டிலேயே இளைய மகனுடனும் மருமகளுடனும் உறைகின்றார். மூத்த மகன் சென்னையில் பணிபுரிகின்றான். மகள் சிதம்பரத்தில் இல்லறம் நடத்துகின்றாள். 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மார்கழி பிறந்தது. அன்று காலையே அம்மூதாட்டியார் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பென்சிலால் சில நாள்களைச் சுழித்து வைத்தார். 24, பேரப்பிள்ளைகள் வருகை, 26, தரங்கம்பாடி, ஜனவரி 2, சிதம்பரம், 7, திருவையாறு, 14, போகி. சுழிக்கப்பெறாத நாள்களுக்கும் வேலை இல்லாமல் இல்லை. முறுக்குக்கு மாவு இடிக்க வேண்டும். பழைய போர்வைகளை வெயிலில் உலர்த்த வேண்டும். நோயுற்ற அண்டை வீட்டாரைச் சென்று காண வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தான். "அம்மா! 26-ஆம் நாள் மாலை இங்கே நல்லதோர் இசையரங்கு நிகழவிருக்கின்றது. தங்களுக்கும் சேர்த்து நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டேன். பிள்ளைகளை அங்கு அனுப்புவதற்கு மாறாகத் தாங்களே இங்கு வந்துவிடுங்கள்" என்றான்.

மூதாட்டியார் இசையில் பெருவிருப்பம் உடையவர். 1927-ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபொழுது இசை மாநாடு ஒன்றும் உடன் நிகழ்ந்தது. அதன் பயனாக 1928-இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. அன்று தொடங்கிய டிசம்பர் இசைவிழா இன்று நகரெங்கும் பல அரங்குகளில் நிகழ்கின்றது. இவற்றையெல்லாம் அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கதைபோலச் சொல்வது வழக்கம். ஆயினும் அவர் மகனுக்கு உரைத்த விடை வேறாக இருந்தது.

"அப்பா! அந்நாளில் நான் எங்கே இருப்பேன் என்பது உனக்குத் தெரியும். மகிழ்ச்சிக்கு அழைப்பவரிடம் வேறொரு நாள் கேட்கலாம். துயரத்திற்கு வேறு நாள் கேட்க இயலுமா?" என்றார். மகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின், "மறந்துவிட்டேன், அம்மா! பிள்ளைகளை அனுப்பி வைக்கின்றேன்" என்றான்.

டிசம்பர் 24-ஆம் நாள் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். சென்னையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அவன் தங்கையும் வந்தனர். சிதம்பரத்திலிருந்து இரண்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் வந்தான். மறுநாள் விடியலில் பாட்டியார் பேத்தியை எழுப்பி வாயிலில் புள்ளி வைக்கக் கற்பித்தார். அரிசி மாவினால் கோலம் இட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்தனர். "புள்ளியைக் கணக்கிட்டு வை, கணக்குத் தவறினால் கோடு கூடாது" என்று அவர் சொல்ல, அச்சிறுமி விரல் விறைக்கும் பனியிலும் பொறுமையாகப் புள்ளி வைத்தாள். அன்று கிறித்து பிறந்த நாள் ஆதலின், எதிர்வீட்டுக் கிறித்தவக் குடும்பத்தார் பலகாரத் தட்டினைக் கொணர்ந்தனர். வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புதல் அவ்வீட்டு வழக்கமன்று. பாட்டியார் அதில் முறுக்கினை நிறைத்துப் பேரன் கையில் கொடுத்து அனுப்பினார்.

அன்றிரவு மருமகள் தயங்கியவாறு, "அத்தை! நாளைக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டுமா? துயரம் நிறைந்த வீடாயிற்றே" என்றாள். பாட்டியாருக்கும் அவ்வையம் இருந்தது. மூத்த பேரன் அதனைக் கேட்டு, "பாட்டி! பெரியபாட்டியை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கின்றேன். நானும் வருகின்றேன்" என்றான். மற்ற இருவரும் அவ்வாறே கூறினர்.

தரங்கம்பாடி மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரை ஊர். 1620-ஆம் ஆண்டு டேனிசு நாட்டார் அங்குக் கோட்டை கட்டினர். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் தமிழ் கற்று, அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை வெளியிட்டார். மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்குப் புகைவண்டி ஓடிய காலமும் உண்டு. 1926-இல் தொடங்கிய அப்பாதை 1986-இல் மூடப்பட்டது. பாட்டியார் இளமையில் தம் தமக்கையைக் காண அவ்வண்டியில்தான் செல்வார். இன்று பேருந்தில் சென்றனர்.

அத்தமக்கையாருக்கு அகவை எண்பது. அவர் கணவரும் ஒரே மகனும் கரையோரத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை நடத்தினர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இரண்டு மணி நேரத்திற்குப் பின் தமிழகக் கரையை வந்து மோதியது. அந்நாளைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடையில் இருந்த தந்தையும் மகனும் திரும்பவில்லை.

பேருந்தில் அமர்ந்து இவ்வரலாற்றைக் கேட்ட பேரன், "இரண்டு மணி நேரம் இருந்ததே, பாட்டி! யாரும் சொல்லவில்லையா?" என்று வினவினான். "சொல்வதற்கு அன்று இங்கு அமைப்பு இல்லை, கண்ணே!" என்றார் பாட்டியார். அவர் கூறியது உண்மையே. இந்தியப் பெருங்கடலுக்கு உரிய ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் ஒன்றினை நம் நாடு 2007-ஆம் ஆண்டுதான் ஐதராபாத்தில் நிறுவியது.

ஆண்டுதோறும் அந்நாளில் தமக்கையார் அடுப்பு மூட்டமாட்டார்; உணவும் கொள்ளமாட்டார். பாட்டியார் சென்று உலை வைத்து, உடன் அமர்ந்து, இரண்டு கவளமேனும் உண்ணச் செய்துவிட்டே திரும்புவார். இருபது ஆண்டுகளில் ஓராண்டும் அவர் இதனைத் தவறியதில்லை. அவ்வாறு சென்றபொழுது ஆறுதல் மொழி பெரிதாக ஒன்றும் கூறியதுமில்லை. "அக்கா! உப்புப் போதுமா?" என்பன போன்ற சொற்களே அவர்களிடையே நிகழும்.

அன்றும் பாட்டியார் சமையலறைக்குள் சென்றார். பிள்ளைகள் சிற்றப்பனுடன் கடற்கரைக்குச் சென்றனர். அங்கு ஊர்மக்கள் கூடிப் பாலை வார்த்தும் மலரைத் தூவியும் மறைந்தோரை நினைந்து நின்றனர். பிள்ளைகளும் ஆளுக்கொரு பூவைக் கடலில் இட்டு வணங்கினர். திரும்பி வந்ததும் சிறுவன் பெரியபாட்டியின் அருகே அமர்ந்து, "நீங்கள் ஏன் வரவில்லை, பெரியபாட்டி?" என்று கேட்டுவிட்டான். வீட்டார் திடுக்கிட்டனர். அம்மூதாட்டியார் அந்நாள் தொட்டுக் கடலைக் கண்டதுமில்லை. அதன் பேரைச் சொன்னதுமில்லை. அவர் சிறுவனின் கால்களில் ஒட்டியிருந்த மணலைத் தம் முந்தானையால் துடைத்தார். நெடுநேரம் கழித்து, "அலை எப்படி இருந்தது?" என்று கேட்டார். "சின்னதாக இருந்தது, பெரியபாட்டி!" என்றான் அவன். அன்று அவர் யாரும் வற்புறுத்தாமலே உண்டார்.

ஜனவரி 2-ஆம் நாள் பாட்டியார் பிள்ளைகளுடன் சிதம்பரத்திலிருந்த மகள் வீட்டிற்குச் சென்றார். அன்று தேர்விழா. மூலவராகிய கூத்தப்பெருமானே ஆண்டுக்கு இருமுறை, ஆனியிலும் மார்கழியிலும், தேரேறி வீதிவலம் வருவது அவ்வூர்க் கோயிலின் தனிச்சிறப்பு. மறுநாள் திருவாதிரை. வறுத்த அரிசியும் பயற்றம்பருப்பும் வெல்லமும் சேர்ந்த களியும், ஏழு காய்கள் இட்ட குழம்பும் அவ்வீட்டில் சமைக்கப்பட்டன. களி கிளறுவதில் தாயும் மகளும் கைமாற்றிக் கைமாற்றித் துடுப்பைப் பற்றினர்.

அன்று பிற்பகல் அனைவரும் பிச்சாவரம் சென்றனர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, அவை கடலோடு கலக்கும் இடத்தில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட உப்பங்கழிக் காடு அது. சுரபுன்னை மரங்கள் பல வேர்களைக் கால்களைப் போல நீரில் ஊன்றி நின்றன. ஒரு மரத்தின் வேர் மற்றொரு மரத்தின் வேரோடு பின்னிக் கிடந்தது. படகோட்டி, "இவை அலையை ஆற்றுகின்றன, அதனால் அலையாத்தி என்கின்றோம். பேரலை வந்த அன்று இக்காட்டின் பின்னே இருந்த ஊர்களில் அழிவு குறைவு" என்றார். ஆய்வாளரும் பின்னர் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். "அலையைத் தடுத்துவிட்டனவா?" என்று பேத்தி கேட்டாள். "தடுக்கவில்லை, அம்மா! தணித்தன" என்றார் அவர். பாட்டியார் ஒன்றும் பேசாமல் அவ்வேர்களையே நோக்கிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் தத்தம் ஊர் சென்றனர். 7-ஆம் நாள் மூத்த மகன் வந்து தாயைத் திருவையாற்றுக்கு அழைத்துச் சென்றான். 1847-இல் மறைந்த தியாகராசரின் நினைவு நாளில், இசைவாணர் பலர் காவிரிக் கரையில் ஒருங்கு அமர்ந்து, அவருடைய ஐந்து பெருங்கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடினர். முற்காலத்தில் அவ்விழாவில் பெண்கள் பாட இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு அங்கு நினைவுக் கோயிலை எழுப்பியதோடு, பெண்களும் பாடும் உரிமைக்காகப் பாடுபட்டார். அவருடைய நினைவிடமும் அங்கு உண்டு. மூதாட்டியார் அதனையும் வணங்கினார். "சென்னை இசையரங்கினை இழந்தீர்களே என்று வருந்தினேன், அம்மா!" என்றான் மகன். "இசை எனக்காகக் காத்திருந்தது பார்!" என்று அவர் நகைத்தார்.

பேரன் சென்னை சென்றதும் பெரியபாட்டிக்குத் தன் கைப்படக் கடிதம் ஒன்று எழுதியிருந்தான். பிச்சாவரத்து மரங்களைப் பற்றியும் அவற்றின் பெயரைப் பற்றியும் அதில் விரித்திருந்தான். பொங்கலுக்கு அவன் மயிலாடுதுறை வருவான் என்பதனை அறிந்து, தரங்கம்பாடியிலிருந்து போகிக்கு முதல் நாளே அவன் பெயருக்கு விடை வந்து காத்திருந்தது. "கடலைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை. நீ எழுதினாய். அம்மரங்களை ஒருமுறை காண விரும்புகின்றேன். கோடை விடுமுறையில் வா, நானும் உடன் வருகின்றேன்" என்று அதில் கண்டிருந்தது. பேரன் அதனை உரக்கப் படித்தான். பாட்டியார் அக்கடிதத்தை வாங்கி, நாட்காட்டியின் பின்னே செருகி வைத்தார்.

திருவள்ளுவர், சுற்றத்தாரைத் தழுவி வாழ்தலின் இன்றியமையாமையை உணர்ந்து, சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். உறவு என்பது குருதியினால் மட்டும் நிலைத்து நிற்பதன்று. போக்கினாலும் வரவினாலும் காக்கப்படுவது. விழா நாளில் உடன் இருத்தல் எளிது. துயர நாளில் சென்று உடன் அமர்தல் அரிது. அவ்வாறு சென்றமர்வோர் பிறர் துயரைத் தடுத்துவிட இயலாது. ஆயினும் தணிக்க இயலும். வீட்டு முதியோர் ஓயாது மேற்கொள்ளும் இப்பணியினை இளைஞர் கண்டுணர்தல் வேண்டும். அவர்தம் கை தளரும் முன்னரே அதனைத் தாமும் பழகி மேற்கொள்ளுதல் வேண்டும்.