உயர் நீதிமன்றம் எதைக் கேட்கிறது?

“சுப்பிரீம் கோட்டு வரைக்கும் போயாவது பார்ப்பன்.” வேலிச் சண்டையிலும், வேலை பறிபோன கோபத்திலும், பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோன துயரத்திலும் எமது கிராமங்களில் கேட்கும் வார்த்தை இது. கொழும்பு புதுக்கடையில் உள்ள அந்தப் பெரிய மண்டபத்தில் தாம் நேரில் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லலாம், கீழே கேட்காதவர்கள் அங்கே கேட்பார்கள் என்று இப்படிச் சொல்பவர் நம்புகிறார். அந்த நம்பிக்கை பிழையானது. அது தெரியாமலே சிலர் இருக்கிற காணியையும் ஈடு வைத்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே உயர் நீதிமன்றம் ஒரு மேன்முறையீட்டில் உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதைச் சங்கங்களிலும் வாசிப்புக் குழுக்களிலும் ஒருமுறை பொறுமையாகப் படித்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் அது மாநில நீதிமன்றம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. எமது வழக்கில் உயர் நீதிமன்றமே நாட்டின் கடைசி நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும், மாகாணங்களில் மேல் நீதிமன்றங்களும் இருக்கின்றன. 1971 வரை எமது கடைசி நீதிமன்றம் இலண்டனில் இருந்த கோமறைக் கழகம். இன்றுள்ள உயர் நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அமைந்தது. பிரதம நீதியரசரோடு ஆறுக்குக் குறையாத, பதினாறுக்கு மேற்படாத நீதியரசர்கள் இருக்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் வரை மேல் எல்லை பத்தாக இருந்தது. ஒரு மேன்முறையீட்டை வழக்கமாக மூவர் கேட்பார்கள். பொது முக்கியத்துவம் வாய்ந்த கேள்வி என்றால் ஐவரோ அதற்கு மேற்பட்டவர்களோ அமர்வார்கள். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மையே தீர்ப்பு.

படிகளும் வாசலும்

எந்த வழக்கும் நேராக அங்கே போவது அரிது. நீதவான் நீதிமன்றத்தில் தீர்ந்த குற்றவியல் வழக்கு முதலில் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். கொலை போன்ற பாரிய குற்றங்கள் மேல் நீதிமன்றத்திலேயே விளங்கப்படுவதால், அவற்றின் மேன்முறையீடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். காணி வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஒரு காலம் நேரே கொழும்புக்கே போயின. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அவற்றை மாகாணத்திலேயே குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் கேட்கிறது. தொழில் நியாய சபையின் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே. இந்தப் படிக்கு அப்பால்தான் உயர் நீதிமன்றம்.

அங்கே ஒரு வாசல் இருக்கிறது. அதற்குப் பெயர் அனுமதி. முதல் மேன்முறையீடு பெரும்பாலும் உரிமை. உயர் நீதிமன்றத்துக்கான மேன்முறையீடு பெரும்பாலும் அனுமதி. வழக்கில் கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறது, அல்லது மீளாய்வு செய்யத் தகுந்த விடயம் இது என்று சட்டத்தரணி எழுந்து காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மனு அன்றே தள்ளுபடியாகலாம். அனுமதி கிடைத்தால், எந்த எந்தக் கேள்விகளின் மீது அனுமதி என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நடக்கும் விவாதம் அந்தக் கேள்விகளைச் சுற்றியே நடக்கும்.

சாட்சிகள் மறுபடி கூப்பிடப்படுவதில்லை. புதிய சாட்சியத்தை ஏற்கும் அதிகாரம் அரசியலமைப்பில் இருந்தாலும் அது அருமையாகவே பயன்படுகிறது. நிகழ்வு பற்றிய பிழைகளையும் சட்டம் பற்றிய பிழைகளையும் திருத்த அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் சாட்சியைக் கண்ணால் கண்டு காதால் கேட்ட நீதிபதி எடுத்த முடிவை இலேசில் குழப்பக் கூடாது என்பது பிரதம நீதியரசர் ஜி.பி.எஸ். டி சில்வா 1993இல் வெளியான ஒரு தீர்ப்பில் மீண்டும் நினைவூட்டிய பழைய விதி. சாட்சி தடுமாறியதையும் தலைகுனிந்ததையும் கண்டவர் அவர்தானே. கொழும்பில் இருப்பவர்களிடம் இருப்பது தட்டச்சுக் கடதாசி.

காணி வழக்கு

குடும்பக் காணியில் ஒரு சகோதரர் மட்டும் இருந்து, தென்னை வைத்து, வேலி அடைத்து, முப்பது வருடம் அனுபவிக்கிறார். மற்றவர்கள் வெளியூரில். பிறகு அவர், “பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டேன், காணி எனக்கே” என்கிறார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் அவர் சொல்வது சரியா?

இந்தக் கேள்விக்கு அன்றைய கடைசி நீதிமன்றமான கோமறைக் கழகம் 1911இல், கொறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்ற இலங்கை வழக்கில் விடை தந்தது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் ஆட்சி எல்லாருக்குமான ஆட்சி. மனதுக்குள் ‘இது எனக்கே’ என்று இரகசியமாக நினைத்துக்கொண்டு அந்த நிலையை ஒருவர் மாற்ற முடியாது. மற்றவர்களை வெளியேற்றியதாகவோ, அவர்களது உரிமையை வெளிப்படையாக மறுத்ததாகவோ ஏதாவது நடந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு எல்லையை 1918இல் எமது உயர் நீதிமன்றம் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில் காட்டியது. ஆட்சி மிக நீண்டதாகவும், சூழ்நிலைகள் வேறு விதமாக விளக்க முடியாதவையாகவும் இருந்தால், ஒரு கட்டத்தில் மற்றவர்களின் உரிமை மறுக்கப்பட்டுவிட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம்.

இங்கே கடைசி நீதிமன்றம் தென்னைகளை எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஆட்சி’ என்ற சொல்லுக்குக் கூட்டுச் சொந்தக்காரர்களிடையே என்ன பொருள் என்றுதான் கேட்டது. அந்த விடை நூறு வருடத்துக்கு மேலாக மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் உங்கள் காணியில் ஒருவர் மற்றவரை எப்போது, எப்படி மறுத்தார் என்பதை உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில்தான் உறுதியோடும் சாட்சியோடும் காட்ட வேண்டும்.

தொழில் வழக்கு

தொழில் நியாய சபைகள் கைத்தொழில் பிணக்குச் சட்டத்துக்கு 1957இல் செய்த திருத்தத்தால் வந்தவை. நீதியும் நியாயமும் எனத் தோன்றும் கட்டளையைச் சபை இடலாம் என்கிறது சட்டம். தொழிலாளியைப் பொறுத்தவரை இது பெரிய கதவு. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் தாண்டி, மீண்டும் வேலையோ நட்டஈடோ கொடுக்கலாம்.

இச்சபைகள் ஒருமுறை மூடப்படும் நிலைக்கே வந்தன. தலைவர்கள் நீதிபதிகளைப் போல் நியமிக்கப்படவில்லை, ஆகவே அவர்களுக்கு அதிகாரமில்லை என்று 1966இல் இலங்கை நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் கோமறைக் கழகம், ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் எதிர் தேவநாயகம் என்ற வழக்கில், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதைத் திருப்பியது. ஒரு நீதியரசர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் வழக்குகள் என்னவாகியிருக்கும்!

‘நீதியும் நியாயமும்’ என்றால் எதையும் செய்யலாமா? 1969இல் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ, கொழும்பு மாநகர சபை வழக்கில், அது கட்டாக்குதிரைக்குரிய சுதந்திரம் அல்ல என்றார். இரு பக்கத்துக்கும் நியாயமாக இருக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும்.

தொழில் வழக்கில் மேன்முறையீடு சட்டக் கேள்வியின் மீது மட்டுமே. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. சாட்சியமே இல்லாமல் ஒரு முடிவு, அல்லது சாட்சியத்துக்கு நேர் முரணான முடிவு எடுக்கப்பட்டால் அதுவும் சட்டப் பிழையே. 1977இல் கலிடோனியன் தோட்டக் கம்பனி எதிர் ஹில்மன் வழக்கில் இது தெளிவாகச் சொல்லப்பட்டது.

இன்னொன்று. களவுக் குற்றச்சாட்டில் நீதவான் விடுதலை செய்துவிட்டார், ஆகவே வேலையும் தானாகத் திரும்பக் கிடைக்கும் என்று பல தொழிலாளர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நீதவானிடம் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கப்பட வேண்டும். தொழில் நியாய சபையில் எந்தப் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்ற தராசே போதும். 1975இலிருந்து இதுவே விதி. வேலையிலிருந்து நீக்கியதைத் தொழில்கொள்வோர் ஒப்புக்கொண்டால், காரணத்தை முதலில் காட்ட வேண்டியவர் அவரே. இது தொழிலாளியின் பலம்.

குற்றவியல் வழக்கு

இங்கே தவறினால் திரும்பி வராதது ஒரு மனிதரின் வாழ்நாள். ஆகவே ஒரு வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நல்லரட்ணம் சிங்கராசா மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1993இல் ஒரு சுற்றிவளைப்பில் கைதானார். படை முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிரான சாட்சியம், பொலிஸாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். அவர் தமிழ் மட்டுமே பேசுபவர். வாக்குமூலம் எடுக்கும்போது மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். கையொப்பத்துக்குப் பதில் விரலடையாளம். சாதாரண சாட்சியச் சட்டப்படி பொலிஸாருக்குச் செய்யும் ஒப்புதல் செல்லாது. அவர் மீது பாய்ந்த 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் செய்ததை ஏற்றது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று எண்பிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே வைத்தது.

1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதி செய்து தண்டனையை 35 வருடமாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசேட அனுமதியை மறுத்தது. நாம் மேலே சொன்ன வாசல் இதுதான். 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது எனக் கண்டது. எண்பிக்கும் பாரத்தை அவர் மீது சுமத்தியது அதில் முக்கியமான காரணம். அதை வைத்து அவர் மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டெம்பரில் அம்மனுவும் தள்ளப்பட்டது. அக்குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்யும் உடன்பாட்டில் அரசு 1997இல் சேர்ந்தது உள்நாட்டில் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது.

இந்தத் தீர்ப்பைப் பலர் பலவாறு விமர்சித்திருக்கிறார்கள். எனக்கும் அது மனதுக்கு ஒப்பவில்லை. எமது பாடத்துக்கு வேண்டியது வேறு. மூன்று படிகளிலும் நீதிபதிகளின் கையில் இருந்தது அந்த ஒரே கடதாசி. விரலடையாளம் பதிந்த அன்றே வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

அப்போஸ்தலர் நடபடிகள் 25ஆம் அதிகாரத்தில் பவுல் இராயனிடம் மேன்முறையிடுகிறார். ஆளுநர் பெஸ்துவுக்கு வந்த கவலை விசித்திரமானது: இந்த மனிதனைப் பற்றி மேலே என்ன எழுதி அனுப்புவது? குற்றம் இன்னதென்று குறிக்காமல் கைதியை அனுப்புவது சரியல்ல என்று அவர் நினைக்கிறார். மேலே போவது ஆளோடு கூடிய கடதாசி என்பது அன்றும் தெரிந்திருந்தது. எமக்கு இன்னொரு சிக்கல் கூடுகிறது. தமிழில் நடந்த வழக்கின் பதிவு ஆங்கிலத்துக்கு மாறியே பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தை அடைகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் வழுக்கினால் கவனிக்க எமது ஆள் அங்கே இல்லை.

கையிலெடுக்க வேண்டியவை

காலம் கண்டிப்பானது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாட்களுக்குள் (ஞாயிறும் பொது விடுமுறைகளும் கழியும்). மேன்முறையீட்டு மனு தீர்ப்பிலிருந்து 60 நாட்களுக்குள். குற்றவியல் வழக்கிலும் 14 நாட்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மனுவைக் கொடுக்கலாம். வேலை நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உயர் நீதிமன்ற அனுமதி மனுவுக்கு ஆறு வாரம். பணமில்லாதவர்கள் 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை முதல் வாரத்திலேயே நாட வேண்டும், கடைசி நாளில் அல்ல.

முதல் விசாரணையில் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லி, பதிவில் ஏறியதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். உறுதிகள், சம்பளச் சீட்டுகள், வேலை நீக்கக் கடிதம், முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை அங்கேயே அடையாளமிட்டுச் சேர்ப்பியுங்கள். விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையொப்பமோ விரலடையாளமோ வைக்குமுன், நம்பகமான ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை மறுக்க உங்களுக்கு நியாயம் உண்டு. பயமுள்ள இடத்தில் இது எளிதல்ல என்பதும் தெரியும். வைக்க நேர்ந்துவிட்டால், நீதவான் முன் கொண்டுவரப்படும் முதல் நாளிலேயே அதைச் சொல்லிப் பதிவு செய்விக்க வேண்டும்.

குழுக்களில் பேசுவதற்கு: உங்கள் ஊரில் தோற்ற வழக்கொன்றை எடுத்து, எந்த நாளில், எந்தக் கடதாசி இல்லாமையால் அது தோற்றது என்று தேடிப் பாருங்கள். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர்? வேலை நீக்கக் கடிதம் வந்த அன்று ஒரு தோட்டத் தொழிலாளி முதலில் யாரிடம் போகிறார், யாரிடம் போயிருக்க வேண்டும்?