வேஸ்டைக் கழியுங்கள், பேட்டர்னை வையுங்கள்: பழைய வீடியோ ப்ராஜெக்ட்களை அழிக்கும் முறை

காதர்பேட்டை மொத்த வியாபாரி தீபாவளிக்கு முன்பு நாளுக்கு இரண்டு ரீல்ஸ் கேட்பார். எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர், பையருக்கு அனுப்ப நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஃபேக்டரி வீடியோ கேட்பார். திருமுருகன்பூண்டி ஐ.கே.எஃப். வளாகத்தில் கண்காட்சி என்றால் ஸ்டால் திரையில் ஓட ஒரு வீடியோ வேண்டும். திருப்பூரில் வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு 1 டெராபைட் டிஸ்க் நிறைய ஒரு சீசன் போதும்.

நிறைவது பெரும்பாலும் நடுராத்திரியில், ரெண்டர் பாதியில் நிற்கும்போதுதான் தெரியும். காலையில் டெலிவரி. கை நேராகப் பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போகும்.

நானும் அப்படி ஒரு ஃபோல்டரை அழித்தேன். பணம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பையர் மாறிவிட்டார், பழைய பையரின் லேபிள் தெரியும் 4 நொடியை நீக்கி, லோகோவை மாற்றித் தர வேண்டும். என்னிடம் மிஞ்சியிருந்தது வாட்ஸ்அப்பில் அனுப்பிய, தரம் குறைந்த ஒரு காப்பி. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் திரும்ப ஷூட்டிங் போனோம். அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எது துணி, எது பேட்டர்ன், எது வேஸ்ட்?

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கேமராவில் எடுத்த ஒரிஜினல் கிளிப்புகள் துணி. ப்ராஜெக்ட் ஃபைல் பேட்டர்ன் அட்டை: எந்தக் கிளிப்பை எங்கே வெட்டினோம், எதோடு சேர்த்தோம், என்ன கலர் கொடுத்தோம் என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். ரெண்டர் செய்த வீடியோ, தைத்து முடித்த பீஸ். எடிட்டிங் சாஃப்ட்வேர் தன் வசதிக்காக உருவாக்கிக்கொள்ளும் கேஷ், ப்ராக்ஸி எல்லாம் கட்டிங் வேஸ்ட்.

துணியும் பேட்டர்னும் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் தைக்கலாம். பீஸை மட்டும் வைத்துக்கொண்டு பேட்டர்ன் போட முடியாது.

இப்போது அளவைப் பாருங்கள். ஐபோனில் 4கே, 30 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. 60 ஃப்ரேம் என்றால் 400 எம்பி. நொடிக்கு 100 மெகாபிட் பதியும் கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி. கேஷ் பல நேரம் இதையும் தாண்டும். ப்ராஜெக்ட் ஃபைலோ சில எம்பிதான். அதை அழிப்பதால் இடம் மிச்சமாகாது, வேலைதான் போகும்.

படி 1: முதலில் கேஷை அழியுங்கள்

டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்டைத் திறந்து, ப்ளேபேக் மெனுவில் 'டிலீட் ரெண்டர் கேஷ்' என்பதற்குள் 'ஆல்' கொடுங்கள். பழைய ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

அடோபி பிரீமியரில் எடிட் மெனு, ப்ரிஃபரன்சஸ், மீடியா கேஷ் என்று போய் 'டிலீட்' அழுத்துங்கள். குறிப்பிட்ட நாளுக்கு மேல் பழையதான கேஷ் தானாக அழியும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அதை இயக்கி விடுங்கள்.

கேஷ் போனால் எடிட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை திறக்கும்போது சாஃப்ட்வேர் மறுபடி உருவாக்கிக்கொள்ளும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அவசரத்துக்கு வேண்டிய இடம் பல நேரம் இந்த ஒரு படியிலேயே கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால் அன்றிரவு வேறு எதையும் அழிக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் அழிப்பதுதான் பின்னால் அழ வைக்கும்.

படி 2: பிரித்து வையுங்கள்

கட்டிங் டேபிளுக்குக் கீழே விழும் வேஸ்டைக்கூட நம் ஊரில் மொத்தமாக அள்ளிக் கொட்டுவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்தால்தான் விலை, பிரித்தது ஓ.இ. மில்லுக்குப் போய் நூலாகத் திரும்பி வருகிறது. ப்ராஜெக்ட்களையும் அப்படியே மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

- நடப்பு: இந்த சீசன் வேலை, ஓகே ஆகாதது, பணம் வராதது. தொடவே கூடாது.
- காப்பு: முடிந்த ஃபேக்டரி வீடியோ, ரிப்பீட் ஆர்டர் வரக்கூடிய ஸ்டைல்கள். காப்பு டிஸ்குக்கு மாற்ற வேண்டும்.
- கழிவு: விற்றுத் தீர்ந்த ஸ்டாக்கின் ரீல்ஸ், சோதனைக்குப் போட்ட டைம்லைன். ஃபைனல் வீடியோவையும் ப்ராஜெக்ட் ஃபைலையும் வைத்துக்கொண்டு கிளிப்புகளை அழிக்கலாம்.

படி 3: சிதறியதை ஒன்றுசேருங்கள்

பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் கெடுவது இந்த இடத்தில். கிளிப் டி டிரைவில் இருக்கும். மெர்ச்சண்டைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லோகோ டவுன்லோட்ஸில் கிடக்கும். பாட்டு பென் டிரைவில் இருக்கும். ஃபோல்டரை மட்டும் தூக்கி வைத்தால், திறக்கும்போது பாதித் திரை சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கும்.

ரிசால்வில் ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, ப்ராஜெக்ட் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுங்கள். மீடியா ஃபைல்களுக்கு டிக் போடுங்கள். ரெண்டர் கேஷுக்கு வேண்டாம். பயன்படுத்திய பகுதியை மட்டும் வைத்தால் போதும் என்றால், ஃபைல் மெனுவின் 'மீடியா மேனேஜ்மென்ட்' அந்த வேலையைச் செய்யும். அங்கே 'மூவ்' வேண்டாம், எப்போதும் 'காப்பி'தான்.

பிரீமியரில் ஃபைல் மெனுவில் உள்ள 'ப்ராஜெக்ட் மேனேஜர்' மூலம் ஃபைல்களைத் திரட்டிப் புதிய இடத்துக்குக் காப்பி எடுக்கலாம்.

தமிழ் எழுத்துருவைச் சாஃப்ட்வேர் சேர்த்து எடுத்துக்கொள்ளாது. நீங்கள்தான் அந்த ஃபோல்டருக்குள் போட்டு வைக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைட்டில் அடித்திருந்தால், அது இல்லாத கணினியில் 'தள்ளுபடி விற்பனை' என்ற வரி புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும்.

படி 4: இரண்டு காப்பி, ஒரு சோதனை

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி உலகமெங்கும் நடைமுறையில் இருக்கிறது: மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். சிறிய ஸ்டுடியோவுக்கு அது முடியாவிட்டாலும், காப்புக் குவியலுக்கு இரண்டு டிஸ்க் கட்டாயம். ஒன்று ஸ்டுடியோவில், இன்னொன்று வீட்டில்.

காப்பி முடிந்ததும் நம்பிவிடாதீர்கள். அசல் இருக்கும் டிஸ்கைக் கழற்றிவிட்டு, காப்பியிலிருந்து ப்ராஜெக்டைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஷிப்மென்டுக்கு முன் ஃபைனல் செக்கிங் இல்லாமல் கார்ட்டன் ஒட்டுவோமா?

படி 5: இப்போது அழிக்கலாம்

ரிசால்வில் ப்ராஜெக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து 'டிலீட்' கொடுத்தால் ப்ராஜெக்ட் போய்விடும், அன்டூ கிடையாது. ஆனால் கிளிப்புகள் டிஸ்கிலேயே இருக்கும். அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். பிரீமியரிலும் ப்ராஜெக்ட் பேனலில் நீக்கினால் டிஸ்கில் உள்ள ஃபைல் போகாது. ப்ராஜெக்டை அழித்தும் இடம் கூடவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கிளிப்புகளை அழிக்கும் முன், இன்னொரு ப்ராஜெக்ட் அவற்றைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். நிட்டிங் மெஷின் ஓடும் ஒரே ஷாட்டை நாலு வீடியோவில் போட்டிருப்போம். ஷிஃப்ட்-டிலீட் வேண்டாம். சாதாரணமாக அழித்து, ஒரு வாரம் கழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது. மிகப் பெரிய ஃபைல்களும் அதில் தங்காமல் நேராகப் போய்விடலாம். விண்டோஸ் எச்சரித்தால் நின்று படியுங்கள்.

போனில் எடிட் செய்பவர்களுக்கு

இன்ஷாட், விஎன், கைன்மாஸ்டர் போன்ற செயலிகளில் வேலை செய்பவர்கள் இரண்டு பட்டன்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'க்ளியர் கேஷ்' பொதுவாகப் பாதுகாப்பானது. 'க்ளியர் டேட்டா' அழுத்தினால் அந்தச் செயலியில் உள்ள டிராஃப்டுகளும் சேர்ந்து போகும். கேலரியில் ஒரிஜினல் கிளிப்பை அழித்தால், பல செயலிகளில் டிராஃப்ட் திறந்தும் பயன் இருக்காது. கடைக்கு வீடியோ அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், தரம் குறையாது.

அடுத்த வேலைக்கு இன்றே

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்டைல் நம்பர் இருக்கிறது. அதையே ஃபோல்டர் பெயராக வையுங்கள்: தேதி, கம்பெனிச் சுருக்கம், ஸ்டைல் நம்பர். உள்ளே ஐந்து ஃபோல்டர்: கிளிப், ஆடியோ, லோகோ-எழுத்துரு, ப்ராஜெக்ட், ஃபைனல். கேஷுக்கு எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே ஃபோல்டர். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் லாஸ்ட்' என்று பெயர் வைக்காமல் வி1, வி2 என்று போடுங்கள்.

டிஸ்கை விற்கும்போது பையரின் நம்பிக்கையும் அதில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கடைக்கு வராத டிசைன், லேபிள், ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகம் எல்லாம் அதில் உண்டு. 'குயிக் ஃபார்மட்' செய்த டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்க முடியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். சில மணி நேரம் ஆனாலும் அது முழுக்க எழுதி அழிக்கும்.

எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் பேட்டர்ன் அறைச் சுவரைப் பாருங்கள். சரக்கு கப்பலேறிப் போயிருக்கும், துணி தீர்ந்திருக்கும், வேஸ்ட் விற்றிருக்கும். ஸ்டைல் நம்பர் எழுதிய அட்டை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ரிப்பீட் ஆர்டர் வரும் அன்று மாஸ்டர் அதைத்தான் கழற்றுவார். உங்கள் ப்ராஜெக்ட் ஃபைலுக்கும் டிஸ்கில் அப்படி ஒரு ஆணி அடித்து வையுங்கள்.