டீசல் எங்கே போகிறது? - ஸ்ப்ரெட் ஷீட் தரும் மைலேஜ் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், கடிதம் டைப் செய்வதற்கும் படம் பார்ப்பதற்கும் மேலாக இதில் உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. என் கம்ப்யூட்டர் எனக்குச் செய்த முதல் உருப்படியான வேலையை இங்கே சொல்கிறேன். ஒரு நல்ல மனிதரைத் திருடர் என்று நினைத்த என் தவறை அது திருத்தியது.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துத் தரும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. தோல் சாம்பிள் எடுத்துக் கொண்டு பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தினமும் ஓடும். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று வண்டியின் கையேட்டில் அச்சிட்டிருந்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 68 லிட்டர் போதும். ஆனால் பங்க் பில்களைக் கூட்டினால் 98 லிட்டர் வந்தது. மீதி 30 லிட்டர் எங்கே?

பதினோரு வருடமாக வண்டி ஓட்டும் அண்ணனிடம் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "இனிமே டீசல் போடும்போது நீங்களும் கூட வாங்க சார்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

முதலில் பங்கில் செய்ய வேண்டியது: 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று டீசல் போட்டால் மைலேஜ் தெரியாது. டாங்க்கை முழுவதும் நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றவுடன் நிறுத்தி விடவும். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ளவும். அடுத்த முறையும் அதே போல முழுவதும் நிரப்புங்கள். இரண்டாம் முறை பில்லில் உள்ள லிட்டர்தான், இடையில் ஓடிய தூரத்திற்குச் செலவான டீசல்.

இனி கம்ப்யூட்டரில்: எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். முதல் வரிசையில் தேதி, ஓடோமீட்டர், லிட்டர், கிலோமீட்டர், மைலேஜ், குறிப்பு என்று ஆறு தலைப்புகளை ஆறு செல்களில் டைப் செய்திடவும். இரண்டாவது வரிசையில் முதல் முறை நிரப்பிய தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் மட்டும் போதும். என் வண்டியில் அது 41200. அதன் கீழ் அடுத்தடுத்த விவரங்கள்: 41620, 30 லிட்டர், 41820, 10 லிட்டர், 42150, 22 லிட்டர். எண்ணுடன் "கி.மீ." என்றோ "லி." என்றோ சேர்க்க வேண்டாம். சேர்த்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக் கொள்ளும், கணக்குப் போடாது.

மூன்றாவது வரிசையில் கிலோமீட்டர் செல்லில் கர்சரை வைத்து, சமன் குறி (=) தட்டவும். அதே வரிசையின் ஓடோமீட்டர் செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, அதற்கு மேலே உள்ள ஓடோமீட்டர் செல்லைக் கிளிக் செய்து, என்டர் அழுத்தவும். 420 என்று வரும். அடுத்து மைலேஜ் செல்லில் சமன் குறி, கிலோமீட்டர் செல், சாய்வுக் கோடு (/), லிட்டர் செல், என்டர். 14 கிடைக்கும். இந்த இரு செல்களையும் தேர்ந்தெடுத்தால் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிசைகளுக்கும் கணக்கு தானாக நிரம்பும்: 20, 15.

ஒரு எச்சரிக்கை: இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 16.3 வரும். அது தவறு. 10 லிட்டர் ஓட்டமும் 30 லிட்டர் ஓட்டமும் சமம் அல்லவே! கிலோமீட்டர் வரிசையின் அடியில் உள்ள செல்லைக் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி, என்டர் தட்டவும். லிட்டருக்கும் அவ்வாறே. மொத்தம் 950 கிலோமீட்டர், 62 லிட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 15.3. இதுதான் உண்மையான மைலேஜ். 1,500 கிலோமீட்டருக்கு 98 லிட்டர்! ஒரு சொட்டு கூடக் காணாமல் போகவில்லை.

குறிப்பு வரிசைதான் கண்ணைத் திறந்தது. 14, 15 வந்தவை ஊருக்குள் ஓடியவை. 20 வந்தது வேலூருக்கு இருமுறை ஹைவேயில் சென்று திரும்பியது. பிறகு ஒரு டாங்க் முழுவதும் நானே ஊருக்குள் ஓட்டினேன். எனக்கும் 14தான்.

அப்படியானால் 22 பொய்யா? பொய் இல்லை, அது வேறு ஓட்டம். என் வண்டி வந்த காலத்தில், சோதனைக்கூடத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேகங்களில் சுமார் 20 நிமிடம் ஓட்டி அளந்தார்கள். அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர். ஏசி போடுவதில்லை. ஆம்பூர் பஜார் நெரிசலும் மே மாத வேலூர் வெயிலும் அங்கே ஏது? வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும். நம் மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

டீசல் காருக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலை விட ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம், இன்ஜினும் சிக்கனமானது. ஆனால் இன்ஜின் சூடாவதற்குள் முடிந்து விடும் குட்டி ஓட்டங்களில் இந்த லாபம் குறைந்து விடும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பின் விற்பனையான டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் பில்டர் உண்டு. அதில் சேரும் கரியை எரிக்கவும் சிறிது டீசல் செலவாகும். குட்டி ஓட்டங்களில் இந்த வேலை பாதியில் நின்று விடுவதும் உண்டு. எனவே டீசல் கார் வாங்க நினைப்பவர்கள், ஹைவேயில் எவ்வளவு ஓடுவோம் என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒரு செல்லில் டீசல் விலையை மைலேஜால் வகுத்துப் பாருங்கள். லிட்டர் 95 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 20 காசு. 22 கிலோமீட்டர் கணக்கில் இது 4 ரூபாய் 30 காசுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஆர்டருக்கு விலை சொல்லி வந்திருக்கிறேன்!

பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள். மாதம் பிறந்ததும் புதிய ஷீட் திறந்து, பழைய ஷீட்டின் கடைசி ஓடோமீட்டர் எண்ணை முதல் எண்ணாக வைத்துத் தொடரலாம்.

அண்ணனைக் கூப்பிட்டு மானிட்டரில் அந்த ஷீட்டைக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். "இந்த வெயிட்டிங் நேரத்தையும் எழுதுங்க சார்" என்றார். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் போது ஏசிக்காக இன்ஜின் ஓடிக் கொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பது நான்தான். இப்போது இன்ஜினை நிறுத்தி விட்டு மர நிழலில் நிற்கிறேன். டயர் காற்றையும் வாரம் ஒரு முறை பார்க்கிறோம். ஊருக்குள் ஓடும் மைலேஜ் 15ஐத் தாண்டியிருக்கிறது. ஷீட்டில் இப்போது அவரே எண்களை டைப் செய்கிறார்.